தென்னை வாடலுக்கு வேரைத் தோண்டினா ஏன் விடை கிடைக்காது

போன ஆடி மாசம், செங்கோட்டைக்குப் பக்கத்துல கேரள எல்லையோரமா இருக்குற புளியரைல மாமா தோப்புக்குப் போயிருந்தேன். சாரல் விட்டு விட்டு விழுந்துட்டு இருந்துச்சு. மாமா ஒரு தென்னை மூட்டுல மம்பட்டியால ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி வச்சிருந்தாரு. உள்ள இருந்து ஒரு வேரை இழுத்து கட்டைவிரல் நகத்தால கீறினாரு, மேல்தோல் உறை மாதிரி அப்படியே கழண்டு கையோட வந்துச்சு, உள்ள பழுப்பும் கருப்புமா ஈரமா கெடந்துச்சு.

"பாத்தியா மாப்ள, வேருல்லா செத்துப்போச்சு. பேரே வேர்வாடல்னுதான சொல்லுதாங்க. அப்போ வேருக்குத்தான மருந்து ஊத்தணும்?"

அவரு கேட்டதுல ஒரு தப்பும் இல்லை. கண்ணுக்குத் தெரியுறதை வச்சு யாரா இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பாங்க. ஆனா அந்த ஒரு நம்பிக்கையில ரெண்டு வருஷமா ஒரு கடையில குடுத்த பாட்டிலை எல்லாம் வாங்கி வேருக்கு ஊத்தி ஊத்தி காசும் போச்சு, அந்த ரெண்டு வருஷத்துல பக்கத்துல இருந்த மரங்களும் ஒண்ணொண்ணா தளர ஆரம்பிச்சிருச்சு. எனக்கு அதைப் பாத்துட்டு ராத்திரி தூக்கமே வரலை. எல்லையோரத்துல தென்னை வச்சிருக்க நிறைய பேரு இதே இடத்துலதான் சறுக்குறாங்க, அதனால அடியில இருந்து எழுதுறேன், விவசாயம் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி.

வாடல்ங்கிறது காய்ச்சல் மாதிரி

உடம்பு சுட்டா காய்ச்சல்னு சொல்றோம். ஆனா அது டெங்குவா, டைபாய்டா, மலேரியாவான்னு தெரியாம மாத்திரை போட்டா என்ன ஆகும்? வாடலும் அதே கதைதான். மட்டை தொங்குது, காய் குறையுதுங்கிறது அறிகுறி. அதுக்குப் பின்னால இருக்குற நோய் வேற வேறயா இருக்கலாம், சில நேரம் நோயே இல்லாம வெறும் சத்துக் குறையாக்கூட இருக்கலாம்.

நம்ம பக்கம் ரொம்பக் குழப்புறது ரெண்டு வாடல். ஒண்ணு தஞ்சாவூர் வாடல். 1952-ல தஞ்சாவூர்ப் பக்கம் புயல் அடிச்ச பிறகு தெரிய வந்தது, கேனோடெர்மாங்கிற பூஞ்சையால வர்றது. தூரோட அடித்தண்டுல செம்பழுப்பா ஒரு சாறு வடியும், அடிமட்டை எல்லாம் காய்ஞ்சு பாவாடை கட்டுன மாதிரி தண்டைச் சுத்தித் தொங்கும், மரம் கடைசியில செத்தே போகும். அது மண்ணு வழியா, வேரு வழியா, பாசனத் தண்ணி வழியா பரவுறது.

இன்னொண்ணுதான் மாமா தோப்புல இருக்குறது, கேரள வாடல், வேர்வாடல்னும் சொல்லுவாங்க. அந்தப் பக்கம் மலையாளத்துல காத்துவீழ்ச்சன்னு பேரு. இதுல தண்டுல சாறு வடியாது. மரம் சட்டுன்னு சாகாது, வருஷக்கணக்கா நின்னுக்கிட்டே மெலியும்.

பாக்குறது எப்படின்னா, மரத்தடியில நின்னு நடு அடுக்கு மட்டையை அண்ணாந்து பாருங்க. நல்ல மட்டைல ஓலை விறைப்பா ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கும். கேரள வாடல் வந்த மட்டைல ஒவ்வொரு ஓலையும் தளந்து உள்பக்கமா வளைஞ்சிருக்கும், உரிச்சுத் தொங்கவிட்ட ஆட்டோட விலா எலும்பு மாதிரி இருக்கும். ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் பஸ்ல போறப்பவே ஜன்னல் வழியா கண்டுபிடிச்சிருவீங்க. அதுக்கப்புறம் மஞ்சளாகுறது, ஓலை ஓரம் கருகுறது, பாளை வெடிக்கும்போதே உள்ள கருத்துக் கெடக்குறது எல்லாம் சேரும். காய் சிறுக்கும், பருப்பு மெலியும், எண்ணெயும் குறையும்.

இது ரெண்டுலயும் சேராத சங்கதிகளும் இருக்கு. அடிமட்டை மட்டும் மஞ்சளாகி, அதுலயும் வெயில் படாத பாகம் பச்சையாவே இருந்தா அனேகமா மக்னீசியம் பத்தலை. ஓலை மேல கரி பூசுன மாதிரி இருந்தா அது 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் முதல்ல தெரிஞ்ச சுருள் வெள்ளை ஈயோட வேலை, ஈ கழிக்கிற இனிப்பு மேல வளர்ற கரும்பூஞ்சைதான் அது, ஓலைக்குள்ள போறதில்லை. இது எல்லாத்தையும் சேத்து "தோப்புல வாடல் விழுந்துட்டு"ன்னு சொல்றப்பதான் தப்பு மருந்து உள்ள வருது.

அப்போ இதுவரைக்கும்: வாடல்ங்கிறது அறிகுறி. தஞ்சாவூர் வாடல் பூஞ்சையால வந்து மண்ணு வழியா பரவும், தண்டுல சாறு வடியும். கேரள வாடல்ல ஓலை விலா எலும்பா வளையும், மரம் நின்னுக்கிட்டே நலியும்.

மரத்துக்குள்ள ஓடுற ரெண்டு குழாய்

தென்னந்தடியை ரம்பத்தால அறுத்த இடத்தைப் பாத்திருக்கீங்களா? வட்டம் முழுக்க புள்ளி புள்ளியா இருக்கும், நெடுக்குல பாத்தா அந்தப் புள்ளி எல்லாம் நாரு நாரா மேல வரைக்கும் ஓடும். அந்த ஒவ்வொரு நாருக் கட்டுக்குள்ளயும் ரெண்டு விதக் குழாய் இருக்கு. ஒண்ணு வேர்ல இருந்து தண்ணியை மேல ஏத்துறது, அதுக்கு சைலம்னு பேரு. இன்னொண்ணு ஓலையில வெயிலை வச்சு செஞ்ச சர்க்கரைச் சாறை குருத்துக்கும் காய்க்கும் வேருக்கும் கொண்டு போறது, அதுக்கு புளோயம்னு பேரு.

வேரு தானா சாப்பாடு செஞ்சுக்காது. மண்ணுக்குள்ள வெயில் ஏது? தண்ணியும் உப்பும்தான் அது எடுத்துக் குடுக்கும், அதுக்கு வேண்டிய சாப்பாடு மேல இருந்துதான் வரணும்.

நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். இங்க செங்கோட்டை, புளியரைப் பக்கம் எத்தனை வீட்டுல மகன் புனலூர்லயும் கொல்லத்துலயும் வேலை பாத்து மாசாமாசம் பணம் அனுப்புறான். அந்தப் பணத்தை வழியிலயே ஒருத்தன் உருவிக்கிட்டான்னு வைங்க. இங்க வீட்டுல அரிசி குறையும், அம்மா மெலியும், ஓடு உடைஞ்சா மாத்த முடியாது. வெளிய இருந்து பாக்குறவங்க "அந்த வீடு கெட்டுப்போச்சு"ன்னுதான் சொல்லுவாங்க. வீட்டுக்கு வெள்ளை அடிச்சுக் குடுத்தா சரியாகுமா? களவு போனது நடுவழியில.

கேரள வாடல்ல நடக்குறது இதேதான். நோய்க்கிருமி குடியிருக்குறது அந்த சர்க்கரைச் சாறு ஓடுற புளோயத்துல. அங்க இருந்து சாறை உறிஞ்சி, போற வழியையும் கெடுத்து வைக்குது. வேருக்குச் சாப்பாடு சரியா வராம நுனியில இருந்து அழுக ஆரம்பிக்குது. மாமா கையில இருந்த அந்த அழுகுன வேரு நோயோட காரணம் இல்லை, நோயோட விளைவு. இதோட இன்னொரு கேடும் சேருது. ஓலையில கண்ணுக்குத் தெரியாத துவாரம் கோடிக்கணக்கா இருக்கு, உச்சி வெயில்ல தண்ணி போகாம மரம் அதை மூடிக்கும். நோய் வந்த மரத்துல அது சரியா மூடுறதில்லைன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. உள்ள வர்றது குறைவு, வெளிய போறது அதிகம், அப்புறம் ஓலை தளராம என்ன செய்யும்.

நூறு வருஷம் பிடிபடாத கிருமி

இந்த நோயை முதல்ல கவனிச்சது கோட்டயம் பக்கத்து ஈராட்டுபேட்டைல, 1882-ல, ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு. பூஞ்சை ஆராய்ச்சியாளர் பட்லர் திருவிதாங்கூர் தென்னைகளைப் பாத்து 1908-ல எழுதும்போது வேர்ல இருந்த பூஞ்சை மேலதான் சந்தேகப்பட்டாரு. மாமாவும் பட்லரும் ஒரே இடத்தைத்தான் தோண்டியிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன். இந்த நோய்க்காகவே 1947-ல கேரளாவுல காயங்குளத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ், நூற்புழு, மண்ணுச் சத்துன்னு ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டு பாத்தாங்க. கடைசியா 1983-ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல புளோயத்துக்குள்ள அந்தக் கிருமியைக் கண்டாங்க. 1882-ல இருந்து 1983, நூறு வருஷத்துக்கு மேல.

ஏன் இவ்வளவு காலம்? அந்தக் கிருமி பேரு பைட்டோபிளாஸ்மா. பாக்டீரியா வகைதான், ஆனா ரொம்பச் சின்னது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு அளவுகூட பெரும்பாலும் வராது. சாதாரண பாக்டீரியாவை எடுத்து கண்ணாடித் தட்டுல சத்து வச்சு வளத்துப் பாக்கலாம், இது அப்படி லேசுல வளராது, உயிரோட இருக்குற செடியோட புளோயமும் சில பூச்சியோட உடம்பும்தான் அதுக்கு வீடு. இப்படி ஒரு கிருமிவகை செடிகள்ல இருக்குன்னே 1967-ல ஜப்பான்ல முசுக்கட்டைச் செடியை ஆராயும்போதுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது. அதுக்கு முன்னால இந்த மாதிரி நோயை எல்லாம் வைரஸ்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க.

இதுக்கு செல்சுவரும் கிடையாது. செல்சுவர்னா பாக்டீரியாவைச் சுத்தி இருக்குற கெட்டியான ஓடு. கோழி சில நேரம் ஓடு இல்லாம தோல்முட்டை இடும் பாருங்க, தொட்டா வழுவழுன்னு இருக்கும், அதை மனசுல வச்சுக்கங்க. பென்சிலின் மருந்து வேலை செய்றது அந்த ஓட்டைக் கட்ட விடாம தடுத்துத்தான். ஓடே இல்லாததுக்கு பென்சிலின் என்ன பண்ணும்? டெட்ராசைக்ளின்னு இன்னொரு ஆன்டிபயாடிக் இந்த வகைக் கிருமியை கொஞ்சம் அடக்கும், ஆனா நிறுத்துனா நோய் திரும்ப வந்துரும். நாம திங்கிற காய்க்கு, ஆயுசு முழுக்க, ஒவ்வொரு மரத்துக்கும் ஆன்டிபயாடிக் ஏத்துறது நடக்குற காரியமும் இல்லை, நல்லதும் இல்லை.

மாமா ஊத்துன பாட்டிலுக்கு வருவோம். பூஞ்சை மருந்து பூஞ்சையைக் கொல்லும், பூச்சி மருந்து பூச்சியைக் கொல்லும், இது ரெண்டுலயும் சேராத கிருமி மரத்துக்குள்ள சர்க்கரைக் குழாய்ல உக்காந்திருக்கு. பென்சில் தடிமன் வேரைச் சாய்வா சீவி பாலித்தீன் பைல மருந்து ஊத்திக் கட்டுறோமே, அந்த முறை தப்பில்லை, வேற சிலதுக்கு அது நல்லாவே கேக்கும். தென்னை டானிக்கும் அப்படித்தான் கட்டுறாங்க, அது சத்து, மரத்துக்குத் தெம்பு குடுக்கும். "கேரள வாடலைக் குணமாக்கிரும்"னு யாராவது பாட்டில் நீட்டினா மட்டும் வாங்காதீங்க, தயவுசெஞ்சு. அந்தக் காசுக்கு எருவும் பிண்ணாக்கும் வாங்கிப் போடுங்க.

சுருக்கமா: கிருமி பைட்டோபிளாஸ்மா, இருக்குற இடம் புளோயம், நோய் பிடிச்ச மரத்தைப் பழையபடி முழுசா குணமாக்க தோப்புல பயன்படுத்துற மாதிரி மருந்து கிடையாது.

மரத்துக்கு மரம் எப்படிப் போகுது

டெங்கு வந்தவங்களைத் தொட்டா டெங்கு ஒட்டாது, நடுவுல கொசு வேணும். இங்கயும் ஒரு கொசு இருக்கு. கண்ணாடி இறக்கைப் பூச்சின்னு பேரு, எள்ளு அளவுதான் இருக்கும், ஓலைக்கு அடிப்பக்கம் ஒட்டிக்கிட்டுச் சாறு உறிஞ்சும், இறக்கை வலை பின்னுன கண்ணாடி மாதிரி இருக்கும். கூடவே ஒரு தத்துப்பூச்சியும் இந்த வேலையைச் செய்யுது. நோய் மரத்துல உறிஞ்சும்போது கிருமி பூச்சி உடம்புக்குள்ள போகும், சில வாரம் உள்ளயே பெருகும், அப்புறம் அந்தப் பூச்சி போய் நல்ல மரத்துல வாயை வச்சா அங்க இறங்கிரும்.

இதுல ரொம்ப முக்கியமானது காலக் கணக்கு. பூச்சி கடிச்ச மறுநாள் ஓலை வளையாது. மாசக்கணக்கா மரம் வெளிய நல்லாவேதான் தெரியும். நாம ஒரு மரத்துல விலா எலும்பைப் பாத்து பதறும்போது அந்த மரம் எப்பவோ பக்கத்து மரத்துக்குக் குடுத்து முடிச்சிருக்கலாம். அதனாலதான் இது ஒரு மரத்தோட வைத்தியம் இல்லை, தோப்போட வைத்தியம், இன்னும் சொல்லப்போனா வேலி தாண்டி பக்கத்துத் தோப்பையும் சேத்த வைத்தியம்.

பூச்சிக்கு ஏது எல்லை. 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான் இருந்துச்சு, கோடு நாம போட்டது. கேரளாவுல திருவனந்தபுரத்துல இருந்து திருச்சூர் வரைக்கும் 8 மாவட்டத்துல இந்த நோய் தொடர்ச்சியா இருக்கு, 1984-85 கணக்கெடுப்புல வருஷத்துக்கு 96.8 கோடி தேங்காய் நட்டம்னு மதிப்புப் போட்டாங்க. தமிழ்நாட்டுலயும் செங்கோட்டை, கம்பம், கன்னியாகுமரி, ஆனைமலைன்னு மலையோரத்து ஊர்கள்லதான் அது தெரிய ஆரம்பிச்சது.

அடுப்புக்கு மூணு கல்லு

நோயைப் பத்திப் படிக்கிறவங்க நோய் முக்கோணம்னு ஒண்ணு சொல்லுவாங்க. நோய் வர மூணு வேணும்: இடம் குடுக்குற மரம், கிருமி, ரெண்டுக்கும் தோதான சூழல். அடுப்புக்கூட்டுற மூணு கல்லு மாதிரி, ஒரு கல்லை உருவிட்டாலும் பானை நிக்காது. பூச்சி கொண்டு வர்ற நோயில பூச்சியும் ஒரு கல்லுன்னு சேத்துக்கலாம். கிருமிங்கிற கல்லை மரத்துக்குள்ள இருந்து உருவ முடியலைன்னா மத்த கல்லைப் பாக்கணும், அவ்வளவுதான் இதோட தத்துவம்.

முதல்ல நோய் மரங்கள்ல எதை வைக்கிறது, எதை வெட்டுறதுன்னு. நோய் வந்த எல்லா மரத்தையும் வெட்டணும்னு இல்லை. நோய் முத்தி வருஷத்துக்கு 10 காய்கூட தராத மரத்தையும், காய்ப்புக்கு வர்றதுக்கு முன்னாலயே நோய் பிடிச்ச கன்னையும் எடுத்திரச் சொல்றாங்க. அது வருமானமும் தராது, பூச்சிக்குக் கிருமி ஊட்டுற தொட்டியா மட்டும்தான் நிக்கும். பைட்டோபிளாஸ்மா செத்த மரத்துலயும் மண்ணுலயும் தங்காதுங்கிறதால வெட்டுன தடியை தாராளமா உத்திரத்துக்கோ விறகுக்கோ எடுத்துக்கலாம், அந்த இடத்துலயே புதுசாப் பிள்ளையும் வைக்கலாம். தஞ்சாவூர் வாடல்னா இப்படிச் செய்யக்கூடாது, அந்தப் பூஞ்சை மூட்டுலயும் மண்ணுலயும் தங்கும், தோண்டி எடுக்கணும். ரெண்டையும் பிரிச்சுத் தெரியணும்னு மேல அவ்வளவு நீட்டுனதுக்குக் காரணமே இதுதான். வெட்டுன அடிக்கட்டையை மட்க விட்டா தென்னையைக் குடையுற காண்டாமிருக வண்டு அதுல முட்டை இடும், அதையும் பாத்துக்கங்க.

மிச்சம் இருக்குற மரத்துக்கு நல்ல சாப்பாடு. தொழுஉரம், மண் பரிசோதனைப்படி உரம், கூட மரத்துக்கு வருஷம் 500 கிராம் மக்னீசியம் சல்பேட், மரத்தடியைச் சுத்தி தக்கைப்பூண்டு இல்லைன்னா கொழுஞ்சி விதைச்சு பூக்கும்போது மண்ணோட மடக்கி பசுந்தாள் உரமா விடுறது, ஊடுபயிரு, கோடையில தண்ணி. இதெல்லாம் கிருமியைக் கொல்லாது. ஆனா இந்த நோய் மரத்தை உடனே கொல்றதில்லைன்னு சொன்னேன்ல, அதுதான் நமக்கு இருக்குற வாய்ப்பு. களவு போறது போனாலும் மகன் சம்பாத்தியம் கூடினா வீட்டுக்குக் கொஞ்சமாவது வந்து சேரும்ல, அந்தக் கணக்குதான். நோயோடயே நல்லா காய்க்கிற மரங்களைக் காயங்குளம் பக்கம் நிறைய பாக்கலாம். குருத்து அழுகலும் சேந்து வந்திருந்தா, அது பூஞ்சை, அதுக்கு மருந்து உண்டு, அழுகுன பாகத்தை வெட்டிட்டு வேளாண்மை ஆபீஸ்ல கேட்டு அளவாப் பயன்படுத்தணும்.

மூணாவது வழி, மரங்கிற கல்லை உருவுறது, அதாவது மரமே இடம் குடுக்காம இருக்குறது. இந்த யோசனை வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுத்தி எல்லா மரமும் நோயில நிக்குற தோப்புல நடுவுல ஒண்ணு ரெண்டு மரம் மட்டும் பச்சையா விறைப்பா நிக்கும், அதைத் தேடிப் போய் விதைக்காய் எடுத்தாங்க. அப்படித் தேர்வு செஞ்சதுதான் கல்பஸ்ரீ, சாவக்காடு பச்சைக் குட்டை ரகத்துல இருந்து வந்தது. கல்பரக்ஷா மலேயா பச்சைக் குட்டைல இருந்து வந்தது. சாவக்காடு பச்சைக் குட்டையையும் மேற்குக் கடற்கரை நெட்டையையும் சேத்து எடுத்தது கல்ப சங்கரா. காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க குடுத்த ரகம் இதெல்லாம். தடுக்குற சக்தி கூடுதல்னுதான் அர்த்தம், நோயே வராதுன்னு இல்லை. வண்டியில கொண்டு வந்து விக்கிற ஊர் பேரு தெரியாத தென்னம்பிள்ளையை வாங்கி நோய்ப் பகுதியில வைக்கிறதை விட இதுக்கு ஒரு வருஷம் காத்துக் கெடந்தாலும் தகும்.

மாமா தோப்புல

மாமாவும் நானும் மறுநாள் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கிட்டு மரம் மரமாப் போனோம். மொத்தம் 61 மரம். காய்வெட்டுற அண்ணாச்சியையும் கூப்பிட்டுக்கிட்டோம், எந்த மரம் எத்தனை காய் போடுதுன்னு அவருக்குத்தான் கையில கணக்கு. விலா எலும்பு தெரியுற மரத்துக்கு ஒரு கோடு, காயும் இல்லாததுக்கு ரெண்டு கோடு. சாயங்காலம் எண்ணினா ஒத்தைக் கோடு 14, ரெட்டைக் கோடு 5. அந்த அஞ்சுல ஒண்ணு தாத்தா கிணத்தடியில வச்சது, மாமா அதுல கையை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம நின்னாரு.

"இதுக்கும் மருந்தே இல்லையா மாப்ள?"

"இல்லை மாமா. ஆனா அந்த 14-ஐயும் கோடு விழாத 42-ஐயும் பாக்கலாம்."

ஆவணி பொறந்ததும் அஞ்சையும் இறக்கிட்டாரு. தடி மாட்டுக்கொட்டாய்க்கு உத்திரமாப் போயிருச்சு. தோண்டுன குழியை மூடி கொழுஞ்சி விதைச்சிருக்காரு. கிழக்கு வேலிக்கு அந்தாண்ட இருக்குற தோப்புல எங்க கண்ணுக்கே நாலு மரம் வளைஞ்சு தெரியுது, தோப்புக்காரரு கொட்டாரக்கரைல கடை வச்சிருக்காரு, மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு. இந்தத் தடவை வரும்போது சுண்ணாம்பு டப்பாவோட மாமாவே போய் கூட்டிட்டு சுத்திக் காமிக்கிறதா சொல்லியிருக்காரு.